முத்திரை ஒட்ட இடமில்லாத கருவி

மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவருக்குக் கை எவ்வளவு முக்கியமோ, காதும் அவ்வளவு முக்கியம். ஓடுகிற மோட்டாரின் முதுகில் திருப்புளியின் முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டால், உள்ளே பேரிங் நலமாக இருக்கிறதா, நாள் எண்ணிக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடைத்தெருவே காயில்காரர் என்று கூப்பிடும் அவர், முப்பது வருஷம் அப்படிக் கேட்டுத்தான் பிழைத்தார். ஐம்பத்து நான்காவது வயதில், அச்சகத்திலிருந்து வந்த ஒரு மோட்டாரை அதே மாதிரி கேட்டுப் பார்த்து, "தங்கமா ஓடுது" என்று சொல்லி அனுப்பினார். நாலாம் நாள் பேரிங் இறுகி, காயில் கருகி, மோட்டார் அதே வண்டியில் திரும்பி வந்தது. கூடவே அச்சகக்காரரும் வந்தார்.

"தங்கம் புகையுமாண்ணே?" என்று கேட்டார்.

"புதுசா?" என்றார் காயில்காரர்.

அச்சகக்காரர் மோட்டாரைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டும் போனார்.

காயில்காரரின் மனைவிக்கு இது புதுச் செய்தி அல்ல. "டீ ஆறுது" என்றால் "யாரு?" என்று வாசலைப் பார்க்கிற மனிதரோடு அவர் இரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். "சொன்னா கேக்க மாட்டேங்கிறீங்கன்னு இத்தனை நாளும் சண்டை போட்டேன். கேக்கலேன்னு தெரிஞ்சிருந்தா அந்தச் சண்டையெல்லாம் மிச்சம் புடிச்சிருப்பேன்" என்றார். மறுநாளே செவித்திறன் மேம்பாட்டு வாரியத்தில் கருவி தருகிறார்கள் என்று விசாரித்து, விண்ணப்பமும் வாங்கி வந்துவிட்டார்.

வாரியம் மூன்று மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் காத்திருப்புக் கூடம். எழுபது நாற்காலி, எழுபதிலும் காது கேட்காதவர்கள். கூடத்தின் கோடியில் கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் நின்று பெயர் கூப்பிடுவதற்கு ஒரு உதவியாளர். தொண்டையில் அறுவை நடந்தவர். குரல் எழும்பாததால் வேறு எந்த அலுவலகத்திலும் வேலைக்கு ஆகாமல் இங்கே மாற்றப்பட்டிருந்தார். கொசுக்குரல் என்று அவரை எல்லோரும் சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

முறை இதுதான். கொசுக்குரல் ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயருக்குரியவர் எழுந்து வந்தால், கண்காணிப்பாளர் ஏட்டில் "அழைத்ததும் வந்தார், செவித்திறன் போதுமானது" என்று எழுதி அனுப்பிவிடுவார். எழுந்து வராவிட்டால், "அழைத்தும் வரவில்லை, ஆர்வமில்லை" என்று எழுதுவார். இந்த முறையில் வாரியம் ஒரு நாளைக்கு நூற்றிருபது விண்ணப்பங்களைத் தீர்த்துவைத்தது. வேகத்துக்காகக் கேடயமும் வாங்கியிருந்தது.

காயில்காரர் மூன்று வாரத்தில் மூன்று தடவை ஆர்வமில்லாதவர் ஆனார். பக்கத்து நாற்காலியில் எப்போதும் ஒரு அம்மா இருந்தார். நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் நின்றவர். தறிகெட்ட இரைச்சலில் இரண்டு காதையும் விட்டுவிட்டு வந்தவர். அந்த மில்லுக்காரம்மா பதினோரு மாதமாக வருகிறாராம். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார்: "அவர் உதட்டையே பாருங்க. ஆனா உடனே எந்திரிக்காதீங்க. யாராச்சும் இடிச்சா எந்திரிங்க. அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு."

நாலாம் தடவை மனைவி கூட வந்து விலாவில் இடித்தார். "துணையாள் இடித்ததால் வந்தார்" என்ற கட்டத்தில் பெயர் ஏறியது. அன்று மில்லுக்காரம்மாவையும் அவரே இடித்துவிட்டார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

உள்ளே ஒப்பீட்டுக் குழு உட்கார்ந்திருந்தது. அன்றாடப் பயன்பாட்டுக்கு எந்த வகைக் கருவி ஏற்றது என்று ஒப்பிட்டுப் பார்க்க அமைக்கப்பட்ட குழு அது. பதினோரு வருஷமாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. குழுவில் எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பதால் ஒப்பீட்டில் யாருக்கும் பக்கச்சார்பு இல்லை என்று இயக்குநர் பெருமையாகச் சொல்வார். இப்போது மேலிடம் முடிவைக் கேட்டுவிட்டதால், அவசரமாக இரண்டு பயனாளிகள் தேவைப்பட்டார்கள்.

ஆளுக்கு நாலு வகைக் கருவி கொடுத்தார்கள். வகைக்குப் பத்து நாள் போட்டுப் பார்த்து எழுதித் தரவேண்டும். காயில்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. பத்துப் பத்து நாளாக நாற்பது நாளும் போட்டுப் பார்த்து, நான்கு பக்கம் எழுதினார். காதுத் துளைக்குள்ளேயே மறைந்துவிடுகிற சின்னக் கருவி பார்வைக்குத் தெரியாது, மனைவி பேசுவது அழகாகக் கேட்கிறது; ஆனால் அதன் பேட்டரி பருப்பளவு, கிரீஸ் விரலால் எடுத்து மாட்ட முடியவில்லை, காதழுக்கில் வாரத்துக்கு இரண்டு தடவை அடைத்துக்கொள்கிறது. காது மடலின் குழியை நிரப்புகிற கருவிக்குப் பேட்டரி கொஞ்சம் பெரிது; ஆனால் போனையோ திருப்புளியையோ பக்கத்தில் கொண்டுபோனால் விசிலடிக்கிறது. சட்டைப் பையில் பெட்டியும் காது வரை ஒயரும் உள்ள கருவியில் திருகு பெரிது, கை நடுங்குகிறவர்களுக்கு நல்லது. ஆனால் சட்டை உரசுகிற சத்தம்தான் முதலில் கேட்கிறது, சுற்றுகிற இயந்திரத்தின் பக்கத்தில் அந்த ஒயர் ஆகவே ஆகாது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவி கண்ணாடிக் காம்போடு கொஞ்சம் இடிபடுகிறது, வியர்வையைத் துடைக்கவேண்டும். மற்றபடி வேலை செய்கிற ஆளுக்கு அதுதான் சரி. கடைசியில் அடிக்கோடிட்டு எழுதினார்: "ஆளுக்கும் தொழிலுக்கும் தக்கபடி கொடுக்கணும். எல்லாருக்கும் ஒண்ணு ஆகாது."

முடிவு அறிவிக்கும் கூட்டத்துக்கு அவரையும் அழைத்தார்கள். அவர் எழுதிய நான்கு பக்கமும் மேசையில் இருந்தன, நான்கு டம்ளருக்கு அடியில் ஒவ்வொன்றாக. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, இயக்குநரின் பேச்சைச் சுருக்கி எழுதிக் காட்டிக்கொண்டே வந்தார்.

"காதுக்குள்ள மறைஞ்சு போற கருவி நல்ல கருவிதான்" என்றார் இயக்குநர். "ஆனா அதுல வாரியத்தோட முத்திரையை எங்க ஒட்டுறது? காதுக்குப் பின்னாடி வைக்கிறதுல ஒட்டலாம், முடி மறைச்சுரும். கொடுத்தது யாருக்கும் தெரியாம கொடுத்தா அதுக்குப் பேரு தானம். நாம செய்யிறது நலத்திட்டம். சட்டைப்பைக் கருவி இருக்கே, நெஞ்சு மேல நிக்குது. உள்ளங்கை அகலம். எதிர்ல வர்றவன் முத்திரையைப் படிச்சுட்டுத்தான் முகத்தையே பாப்பான். ஆகவே அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்தது இதுவே."

எல்லோரும் கை தட்டினார்கள். ஒலியியல் ஆலோசகர் எழுந்து, தானும் தனியாகச் சோதித்து இதே முடிவுக்கு வந்ததாகச் சொல்லி உட்கார்ந்தார். காயில்காரருக்கும் மில்லுக்காரம்மாவுக்கும் அங்கேயே ஆளுக்கொரு பெட்டியை நெஞ்சில் மாட்டிப் படம் எடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் அது நடந்தது. காயில் சுற்றும் இயந்திரத்தின் மேல் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து தொங்கிய ஒயர் சுழல்கிற தண்டில் சிக்கியது. இயந்திரம் ஒயரை இழுத்தது, ஒயர் காதை இழுத்தது. கால் மிதியை விட்டுவிட்டதால் உயிர் தப்பியது. காது மடலில் ஆறு தையல்.

வாரியத்தில் புகார்களைத் தொலைபேசியில் மட்டும்தான் வாங்குவார்கள். மனைவி பேசினார். பாதிக்கப்பட்டவரே பேசவேண்டும் என்றார்கள். காயில்காரர் கட்டுப் போட்ட காதை விட்டு மறு காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ" என்றார். ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. "தங்கள் புகார் குறித்து எழுப்பப்பட்ட ஏழு கேள்விகளுக்கும் தாங்கள் பதிலளிக்காததால், தாங்கள் திருப்தி அடைந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது."

இருவரும் நேரில் போனார்கள். இயக்குநர் தையலைப் பார்த்தார். உதடு விரியச் சிரித்தார், மனைவியைக் கவனிக்காமல் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். கண்காணிப்பாளரும் சிரித்தார். காயில்காரர் மரியாதைக்குத் தானும் சிரித்துவைத்தார். வெளியே வந்ததும் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அது வெளுத்திருந்தது.

"என்ன சொன்னாரு?"

மனைவி வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, அப்புறம் தாளில் எழுதினார். "செவிட்டுக் கூட்டத்துக்கு ஒரு டப்பா போதாதா? கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. காது அறுந்தா இன்னும் நல்லது, கருவி செலவு மிச்சம்."

காயில்காரர் அதை இரண்டு தடவை படித்தார். "நான் அதுக்குச் சிரிச்சேனா?" என்று கேட்டார்.

மனைவி தலையாட்டினார்.

அச்சகக்காரர் போனபோது அவருக்கு வருத்தம்தான் இருந்தது. தையல் போட்டபோது வலிதான் இருந்தது. இப்போது வந்தது வேறு. அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெட்டிக்கு என்று இருந்த பைதான் அது.

பழிவாங்க வழி தெரியாமல் அவர் ஒரு மாதம் புழுங்கினார். வழியை வாரியமே தேடிக் கொடுத்தது. ஒப்பீட்டுப் பணி முடிந்ததைக் கொண்டாட அவர்கள் ஒரு விழா வைத்தார்கள். எழுபது பேருக்குச் சட்டைப்பைக் கருவி, படம் நன்றாக விழுவதற்காக வாசலிலேயே நெஞ்சில் மாட்டிவிட ஏற்பாடு. துறைச் செயலாளர் தலைமை. விழா அரங்கில் பதினான்கு மின்விசிறியும் கருகிக் கிடந்தன. பழுது பார்க்க ஆள் தேடி, குறைந்த கூலிக்கு வரும் காயில்காரரைப் பிடித்தார்கள். ஏணியில் நிற்கிற ஆளும் தையல் போட்ட காதும் ஒரே ஆள் என்று யாரும் கவனிக்கவில்லை. பயனாளிகளை அவர்கள் நெஞ்சு உயரத்தில்தான் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

அரங்கில் அவருக்கு மூன்று நாள் வேலை. முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் தன் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். இரும்பு பிடித்த கை சும்மா இருக்காது. பெட்டியின் தலையில் ஒரு சின்னப் பொத்தான். ஒரு பக்கம் தள்ளினால் மைக் வேலை செய்யும். மறுபக்கம் 'டி' என்ற எழுத்து. அங்கே தள்ளினால் ஒன்றுமே கேட்காது என்பதால் அதை யாரும் தொடுவதில்லை. திறந்து பார்த்தார். உள்ளே மயிர் கனத்துக் கம்பியில் சுற்றிய ஒரு காயில்.

காயிலைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. காற்றிலே வருகிற சத்தம் இதற்கு வேண்டாம். பக்கத்தில் ஒரு கம்பிச் சுற்றில் மின்சாரம் பேச்சோடு சேர்ந்து ஏறி இறங்கினால் போதும், இந்தக் காயில் அதை அப்படியே பிடித்துக் காதில் கொட்டும். சட்டை உரசல் இல்லை, இரைச்சல் இல்லை, வெறும் பேச்சு மட்டும்.

மூன்றாம் நாள் மாலைக்குள் விரிப்பின் ஓரத்துக்கு அடியில் அரங்கு முழுவதையும் சுற்றி ஒரு செம்புக் கம்பி ஓடியது. அதன் இரண்டு நுனியும், கடையில் கிடந்த ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் வழியாக, மேடை மேசையின் மைக்குகளில் போய்ச் சேர்ந்தன. ஒலிபெருக்கியை அணைத்தாலும் மைக்கின் பேச்சு இந்தக் கம்பிக்கு வரும். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். காயில்காரர் அந்தச் சுவருக்கு ஒரு வாய் வைத்தார்.

விழா அன்று மனைவி வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார். "மேடையில் ஆள் உட்கார்ந்ததும் பொத்தானை 'டி' பக்கம் தள்ளவும்." வாரியத்தின் சீட்டு என்று நினைத்து எழுபது பேரும் பணிவாகத் தள்ளினார்கள்.

செயலாளர் வர அரை மணி தாமதம். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, இயக்குநரும் கண்காணிப்பாளரும் ஆலோசகரும் மேடையில் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகை செய்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பேசியும் கொண்டிருந்தார்கள். செவிடர்கள் முன்னால் மெதுவாகப் பேசுவானேன்?

"சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டுங்கய்யா. இதுங்களுக்கு என்ன தெரியப்போகுது" என்றார் இயக்குநர்.

"கிடங்குல அந்தக் காதுக்குப் பின்னாடி மாட்டுற கருவி நானூறு இருந்துதே, அதைக் கேட்டா என்ன சார் சொல்றது?" என்றார் கண்காணிப்பாளர்.

"எங்க நானூறு? உங்க சொந்தக்காரங்க, என் சொந்தக்காரங்கன்னு பாதி போயாச்சு. என் மாமனாருக்கே ரெண்டு காதுக்கும் கொடுத்தேன். அந்தாளு வாயை மூடணும்னு கொடுத்தேன், காது தொறந்துருச்சு."

"நான் இந்தப் பெட்டியைச் சோதிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்" என்றார் ஆலோசகர். "ஒண்ணைக்கூடத் திறந்து பாக்கலை. ஏதும் வராதே?"

"வந்தா யாருக்குக் கேக்கப்போகுது? முன்வரிசையில பாருங்க, அந்த மில்லுக்காரி. எப்ப வந்தாலும் முறைச்சுக்கிட்டே நிக்கும், பிசாசு மாதிரி."

மில்லுக்காரம்மாவுக்கு ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு மனிதக் குரல் கலங்காமல், இரையாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல் காதில் விழுந்தது. மூத்த மகனின் குரல்கூட அவருக்கு அப்படி வந்ததில்லை. வந்தது இந்தக் குரல், சொன்னது இந்தச் சொல். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்தார்.

"முறைக்கலை தம்பி" என்றார் மேடையைப் பார்த்து. "உதட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன். காது கேக்காதவங்க அப்படித்தான் பாப்போம். பதினோரு வருஷமா ஒப்பிட்டீங்களே, இது தெரியலையா?"

மேடையில் மூன்று புன்னகையும் அப்படியே நின்றன. "இதுக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றார் இயக்குநர், பல்லைக் காட்டிக்கொண்டே, கண்காணிப்பாளரிடம்.

"உங்க டப்பாவுலதான்" என்றது அரங்கு. எழுபது பேர்.

இந்த நேரத்தில்தான் செயலாளர் உள்ளே வந்தார். சத்தமில்லாத மேடைக்குக் கூட்டம் எழுந்து நின்று பதில் சொல்வதைப் பார்த்து வாசலிலேயே நின்றார். காயில்காரர் பக்கத்தில் போய், தன் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, ஒயரின் நுனியை அவர் காதில் வைத்தார். செயலாளர் மறுக்க நினைப்பதற்குள், ஒலிபெருக்கி அணைந்திருக்கிற தைரியத்தில் மேடையில் பேசிய இயக்குநரின் குரல் அவர் காதுக்குள் வந்தது.

"வெத்துவேட்டு வந்துட்டான். பூங்கொத்தை எடுய்யா, சிரி."

எழுபது பேர் கூடத்தில் உட்கார்ந்து கரைந்தபோது விசாரணை வரவில்லை. ஒரு காது அறுந்தபோதும் வரவில்லை. செயலாளர் வெத்துவேட்டு ஆனார், மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை வந்துவிட்டது.

விசாரணை அதிகாரி சிடுமூஞ்சியான ஒரு அம்மையார். சாட்சிகளை வரிசையாக உட்காரவைத்து, கேள்விகளை எழுதிக் காட்டியே கேட்டார். இயக்குநர் ஒரே பிடியாக நின்றார்.

"அரங்குக்குள்ள திருட்டுத்தனமா கம்பி போட்டிருக்காங்கம்மா. யார் போட்டதுன்னு முதல்ல விசாரிக்கணும்."

அதிகாரி ஒரு பதிவேட்டைப் புரட்டினார். "காது கேளாதவங்க கூடுற அரங்குல எல்லாம் இந்தக் கம்பிச் சுற்று இருக்கணும்னு உங்க விதியிலேயே இருக்கு. ஆறு வருஷம் முன்னாடி போட்டாச்சு, நன்றாக வேலை செய்கிறதுன்னு எழுதியிருக்கு. கையெழுத்து உங்களோடது. இது பொய்யா?"

இயக்குநர் காயில்காரரைப் பார்த்தார். காயில்காரர் அந்த மேசையின் வார்னிஷைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த விதி அவருக்கும் அன்றுதான் தெரியும்.

"சரி, கம்பி இருந்துதுன்னே வச்சுக்குங்க" என்றார் இயக்குநர். "இவங்களுக்கு எழுபது டெசிபல் போச்சு. எப்படிக் கேட்டிருக்கும்? எல்லாம் கற்பனை."

"அப்ப நீங்க கொடுத்த கருவி வேலை செய்யாதுங்கிறீங்க."

"அது... நல்லா வேலை செய்யும்மா."

"அப்ப நீங்க பேசினது கேட்டிருக்கு."

"இல்லம்மா, கேட்டிருக்காது."

"அப்ப வேலை செய்யாத கருவியை எழுபது பேருக்கு மாட்டியிருக்கீங்க. நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்குறேன். கருவி வேலை செய்யுதா, செய்யலையா?"

அதிகாரி கேள்வியை மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை ஆலோசகர் பொறுக்கமாட்டாமல் எழுந்து, "நான் பெட்டியைத் திறக்கவே இல்லம்மா, அவர் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். கண்காணிப்பாளர் எழுந்து, கிடங்குக் கருவிகள் போன வீடுகளின் விலாசத்தைக் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். காயில்காரர் பக்கத்து நாற்காலியில் மனைவி வேகவேகமாக எழுதிக் காட்டிக்கொண்டே இருந்தார். முப்பது வருஷக் குடும்பத்தில் அவர் இவ்வளவு ஆசையாக எதையும் எழுதியதில்லை.

மூன்று பேரும் தற்காலிக நீக்கம். போன கருவிகளை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினார்கள். மில்லுக்காரம்மா பெட்டியே போதும் என்று சொல்லிவிட்டார். விரல் வளையாத தனக்கு அந்தப் பெரிய திருகுதான் தோது என்றார். முத்திரையை மட்டும் சுரண்டி எடுத்தார். காயில்காரருக்குக் காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவி வந்தது. அச்சகக்காரர் ஒரு மோட்டாரோடு வந்து நின்றபோது, அவரை வாசலிலேயே நிற்கவைத்து, கையிலிருந்த வேலையை முடித்து, கை கழுவி, டீ குடித்து, அதற்கப்புறம்தான் என்னவென்று கேட்டார்.

அடுத்த மாதம் ஒரு காலை, நல்ல வயதான ஒருவர் கடை ஏறி வந்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் கருவி. அவற்றைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இயக்குநரோட மாமனார்" என்றார், தன்னைக் காட்டி. "வாரியத்துல இருந்து ரெண்டு தடவை ஆள் வந்தாங்க, கருவி எதுவும் இல்லேன்னு சொல்லிட்டேன். மனசு கேக்கலை. உங்களுக்குச் சேர வேண்டிய பொருளு. உங்க கையில கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

காயில்காரர் கருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "போட்டுக்குங்க ஐயா" என்று சைகை காட்டி, பெரியவர் மாட்டிக்கொண்டதும் கேட்டார். "உண்மையிலேயே உங்களுக்குக் காது கேக்காதா?"

"ரெண்டும் போச்சு. பன்னெண்டு வருஷமாச்சு. மக வீட்லதான் இருக்கேன்."

"மாப்பிள்ளை?"

"வேலை இல்லாம வீட்லயேதான் கெடக்காரு. காலையில இருந்து படுக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்து என்னைப் பத்தி முணுமுணுக்காரு. முன்னாடியெல்லாம் தெரியாது. இப்ப ஒரு சொல் விடாம கேக்குது. நானும் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சாப்பாட்டு நேரத்துல எந்திரிச்சு ஓடுறாரு. மக யார் பக்கம்னு கேக்கறீங்களா? என் பக்கம்தான்."

"இதைத் திருப்பிக் கொடுத்துட்டா?"

"அப்புறம் கேக்காது. அவரு நிம்மதியா இருப்பாரு."

காயில்காரர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். தனக்கென்று வாங்கி வைத்திருந்த பேட்டரி அட்டைகளில் ஆறு மாதத்துக்குப் போதுமானதை எண்ணாமல் எடுத்து, ஒரு காகிதப் பையில் போட்டு, பெரியவரின் சட்டைப் பையிலேயே திணித்தார்.

"உங்க காதுக்கு வந்தது உங்களோடது ஐயா. நான் வாரியத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன், யாரும் வரமாட்டாங்க" என்றார். "குளிக்கிறப்பவும் தூங்குறப்பவும் மட்டும் கழட்டினா போதும். பேட்டரி தீர்ந்தா சொல்லி அனுப்புங்க. அவரு வீட்ல இருக்கிற வரைக்கும் நான் தர்றேன்."